கருமணல் மேல வீடு கட்டலாமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், நலவாழ்வுக் குழு சார்பில் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



போன மாதம் கடன் குழுவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வீடு கட்ட மூன்று விண்ணப்பங்கள் வந்தன. இரண்டை உடனே பாஸ் செய்துவிட்டோம். மூன்றாவது, கடலோரத்தில் ஓலை வீட்டில் இருக்கும் ஒரு அக்காவுடையது. ஆறு வருஷமா சேமிப்பில் ஒரு மாதம்கூட விட்டவர் இல்லை. அவரே எழுந்து, "எனக்கு இப்போ கடன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

ஏன் என்று கேட்டோம். "கருமணல்ல கதிர் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ஓலை வீடுன்னா கதிர் வெளிய போயிருமாம். கான்கிரீட் போட்டா உள்ளேயே அடைஞ்சு கிடக்குமாம். டவுன்ல இருக்கிற தம்பி சொன்னான். பிள்ளைங்க இருக்கிற வீடு, எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. "அடுத்த மாதம் தெரிந்துகொண்டு வந்து சொல்கிறோம்" என்று மட்டும் சொன்னோம். படித்தவர்களிடம் கேட்டோம், புத்தகம் பார்த்தோம். தெரிந்துகொண்டதை இன்று உங்கள் முன்னால் வைக்கிறோம்.

கதிர் எங்கிருந்து வருகிறது?

கதிர்வீச்சு என்றதும் அணுமின் நிலையம்தான் நமக்கு நினைவு வரும். ஆனால் பூமி உண்டான நாளிலிருந்தே மண்ணில் கதிர் இருக்கிறது. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் என்ற மூன்று பொருள்கள் எல்லா ஊர் மண்ணிலும், எல்லாப் பாறையிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. வானத்திலிருந்தும் கதிர் வருகிறது. நாம் சாப்பிடும் சாப்பாட்டிலும் துளி இருக்கிறது. வாழைப்பழத்தில் பொட்டாசியம் சத்து இருக்கிறது என்கிறோமே, அதிலும் ஒரு சிறு பங்கு கதிர் விடுவதுதான். இதையெல்லாம் சேர்த்து இயற்கைக் கதிர்வீச்சு என்கிறார்கள். இது இல்லாத ஊர் உலகத்தில் எங்குமே இல்லை.

வெயிலை அளக்க டிகிரி, பாலை அளக்க லிட்டர் என்பதுபோல, உடம்பில் படும் கதிரை அளக்க மில்லிசீவர்ட் என்று ஒரு அளவு உண்டு. ஒரு மனிதருக்கு வருஷத்துக்கு இயற்கையில் கிடைப்பது உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். இதில் ஏறக்குறைய பாதி, ரேடான் என்ற ஒரு வாயுவால் வருகிறது. அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதைப் பற்றிச் சொல்கிறோம்.

நம் கடற்கரையில் மட்டும் ஏன் அதிகம்?

நெல்லை முறத்தில் போட்டுப் புடைக்கிறோம். லேசான பதர் பறக்கிறது, கனமான நெல் முறத்தில் தங்குகிறது. கடலும் அதே வேலையைத்தான் செய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் கரைந்து ஆற்றோடு கடலுக்கு வருகின்றன. அலை புடைத்துப் புடைத்து, லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகிறது. கனமான மணல் கரையில் தங்குகிறது. அதுதான் கருமணல். அதில் இல்மனைட், கார்னெட், சிர்கான் என்று பல மணல்கள் கலந்திருக்கும். அவற்றோடு மோனசைட் என்று ஒன்றும் உண்டு. தோரியம் இருப்பது அந்த மோனசைட்டில்தான்.

இதைக் கண்டுபிடித்த கதையில் நம்ம ஊர்ப் பெண்களின் உழைப்பும் கலந்திருக்கிறது. இந்தக் கரையில் திரித்த கயிறு கப்பல் ஏறி வெளிநாடு போனது. அந்தக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியல்காரர் பார்த்தார். அப்படித்தான் மணவாளக்குறிச்சி என்ற பெயர் வெளிநாட்டுக்குத் தெரிந்தது. கல்யாண வீட்டில், திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு பார்த்திருப்பீர்கள். அதில் பளீரென்று எரிந்த மேன்டிலை அந்தக் காலத்தில் தோரியம் சேர்த்துத்தான் செய்தார்கள்.

கேரளக் கரையும் மதராஸ் கரையும் சேர்ந்த இந்த மோனசைட் பகுதியை ஐ.நா. சபையின் கதிர்வீச்சு அறிவியல் குழு 2000-ம் ஆண்டு அறிக்கையில் குறித்திருக்கிறது. உலகத்தில் சாதாரண மண்ணின் மேல் நின்றால் காட்டும் எண் 59. இந்தக் கரையில் 200 முதல் 4,000 வரை, சராசரி 1,800. (மணிக்கு இத்தனை நானோகிரே என்பது கணக்கு. பெயரை விட்டுவிடுங்கள், எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.) ஆகவே கருமணலில் கதிர் இருக்கிறது என்று அந்த அக்கா சொன்னது பொய் இல்லை. அதன்மேல் வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதில்தான் தப்பு நடந்துவிட்டது.

வீடு குடையாகவும் இருக்கும், அடுப்பாகவும் இருக்கும்

சுவரும் தரையும் இரண்டு வேலை செய்கின்றன. ஒன்று, வெளியிலிருந்து வரும் கதிரைக் குடைபோலத் தடுக்கும். இரண்டு, அந்தச் சுவருக்குள் இருக்கும் கல்லும் மணலும் சிமெண்டும் தாமே கொஞ்சம் கதிர் விடும். அது அணைந்த அடுப்பின் சூடு மாதிரி. இதில் எந்த வேலை பெரிது என்பது ஊருக்கு ஊர் மாறும்.

சாதாரண மண் உள்ள ஊரை எடுத்துக்கொள்வோம். வெளியே நின்றால் மண்ணின் கதிர் காலடியிலிருந்து மட்டும்தான் வரும். வீட்டுக்குள் போனால் நாலு பக்கமும் சுவர், மேலே தளம், கீழே தரை. எல்லாம் மண்ணிலும் பாறையிலும் செய்ததுதானே? அதனால் உள்ளே கொஞ்சம் கூடுகிறது. உலக சராசரி வெளியே 59 என்றால் வீட்டுக்குள் 84. மரத்திலோ ஓலையிலோ கட்டிய வீட்டில் இந்தக் கூடுதல் இருக்காது. அங்கே சுவரில் கல்லும் மண்ணும் இல்லையே.

டவுனும் அப்படித்தான். மண்ணை மூடித் தார் ரோடு போடுகிறார்கள். மண்ணின் கதிர் கொஞ்சம் தடைபடுகிறது. ஆனால் ரோட்டில் போட்ட ஜல்லியே கருங்கல். அந்தக் கல்லில் மண்ணைவிட அதிகம் கதிர் இருந்தால் டவுனில் எண் ஏறும். மண்ணில் அதிகம், கல்லில் குறைவு என்றால் டவுனில் எண் இறங்கும். "டவுன்ல கதிர் ஜாஸ்தி" என்றோ "கிராமத்துல ஜாஸ்தி" என்றோ ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடியாது.

மகளை டவுனில் கட்டிக்கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றாம் மாடி, நான்காம் மாடி வீட்டுக்கு மண்ணிலிருந்து வரும் கதிரும் வாயுவும் அதிகம் எட்டாது. மேல் தளங்கள் வானத்துக் கதிரில் ஒரு பகுதியைத் தடுக்கும். மீதி இருப்பது அந்த வீட்டுச் சுவரின் கதிர்தான்.

இப்போது நம்ம கருமணல் கரைக்கு வருவோம். இங்கே காலடி மண்ணில்தான் அதிகம். அதன்மேல் கான்கிரீட் தளம் போட்டால் என்ன ஆகும்? கதிரை அது அடைத்து வைக்காது. கீழிருந்து மேலே வருவதைத் தடுக்கும். ஒரு சாண் கனமுள்ள கான்கிரீட் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஓலை வீட்டில் மணல் தரையில் பாய் விரித்துப் படுக்கிறோமே, அப்போது நமக்கும் மணலுக்கும் நடுவில் இருப்பது அந்தப் பாய் மட்டும்தான்.

இதற்கு உலகத்தில் சாட்சி இருக்கிறது. பிரேசில் நாட்டில் குவாராபரி என்று ஒரு கடற்கரை ஊர். நம்ம ஊர் மாதிரியே மோனசைட் மணல். அந்தக் கடற்கரையில் சில இடங்களில் எண் 90,000 வரை காட்டியது. அதே ஊரின் தெருக்களில் 90 முதல் 170 வரைதான். ரோடும் கட்டடமும் வந்த இடத்தில், மக்கள் நடமாடும் இடத்தில், எண் சாதாரண ஊர் அளவுக்கு இறங்கிவிட்டது. மணல் எங்கேயும் போகவில்லை. நடுவில் ஒரு தடுப்பு வந்தது, அவ்வளவுதாங்க.

ஆகவே அந்த அக்காவுக்கு முதல் பதில்: தாராளமாகக் கட்டலாம். கான்கிரீட் தரை பிள்ளைகளுக்கு நல்லதுதான் செய்யும்.

ஆனால் மூன்று ஜாக்கிரதை வேண்டும்

முதலாவது, மணல். தரைக்குக் கீழே கருமணல் இருந்தால் தளம் தடுக்கும். அதே கருமணலைச் சிமெண்டில் குழைத்துச் சுவருக்குப் பூசினால், அதைத் தடுக்க நடுவில் எதுவும் கிடையாது. இரண்டு லோடு மணல் காசு மிச்சம் என்று ராத்திரியில் கடற்கரையிலிருந்து அள்ளி வந்து பூச்சுக்கும், தரை நிரப்பவும் போடுகிற பழக்கம் நம் பக்கம் இருந்தது. இனி வேண்டாம். கடல் மணலில் உப்பு இருக்கிறது. உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், சில வருஷத்தில் தளம் உதிரும். அனுமதி இல்லாமல் அள்ளுவது சட்டப்படி குற்றமும்கூட. கதிரை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது நஷ்டக் கணக்குதான்.

இரண்டாவது, காற்று. இப்போது ரேடானுக்கு வருகிறோம். மண்ணிலும் கல்லிலும் இருக்கும் யுரேனியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு உண்டாகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. 3.8 நாளில் பாதி அழிந்துவிடும். அதற்குள் தரை வெடிப்பு வழியாக வீட்டுக்குள் ஏறிவிடும். தோரியத்திலிருந்தும் இதேபோல ஒரு வாயு வரும். அதன் பெயர் தோரான். ஒரு நிமிஷத்துக்குள் பாதி அழிந்துவிடுவதால் அது அதிக தூரம் போகாது. இந்த வாயுக்கள் திறந்த வெளியில் காற்றோடு கலைந்துவிடும். மூடிய அறையில் தேங்கும். உலக சராசரியில் வெளியே ரேடான் அளவு 10 என்றால் வீட்டுக்குள் 40. வீட்டுக்குள் 100-க்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்னது. (ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை பெக்கரல் என்பது இந்தக் கணக்கு.)

1984 டிசம்பரில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கட்டி முடியும் நிலையில் இருந்த ஒரு அணுமின் நிலையத்தில் ஒரு பொறியாளர் வேலை பார்த்தார். வாசலில் இருந்த கதிர் அளக்கும் கருவி அவரைப் பார்த்து அலறியது. நிலையத்திலிருந்து அல்ல, வீட்டிலிருந்து அவர் அதைக் கொண்டுவந்திருந்தார். வீடு நின்ற மண்ணில் யுரேனியம். வீட்டுக்குள் ரேடான் சுமார் 1,00,000. பிறகு தரைக்கு அடியில் குழாய் வைத்து வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விட்டார்கள். அளவு இறங்கியது. குடும்பம் அதே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஸ்வீடன் நாட்டில் இன்னொரு விதம். 1929-லிருந்து 1975 வரை அங்கே ஒருவகை லேசான கான்கிரீட் கல் செய்தார்கள். யுரேனியம் கலந்த ஒரு பாறையைச் சேர்த்துச் செய்தது. நீல நிறமாக இருக்கும். ஏராளமான வீடுகளை அதில் கட்டினார்கள். அங்கே சுவரே ரேடான் விட்டது. குளிருக்காகவும், எரிபொருள் விலை ஏறியதாலும், காற்றுப் புகாமல் ஜன்னல்களை இறுக்கி அடைத்தார்கள். அளவு இன்னும் ஏறியது. பிறகு அந்தக் கல்லை நிறுத்திவிட்டார்கள்.

நம்ம பழைய வீடுகளில் ஓட்டு இடுக்கில், ஜன்னலில், வாசலில் காற்று தானாக ஓடியது. இப்போது கொசுவுக்குப் பயந்து ஜன்னலைப் பூட்டுகிறோம். திருட்டுக்குப் பயந்து வெண்டிலேட்டரே வைக்காமல் கட்டுகிறோம். ஏ.சி. போட்டவர்கள் இடுக்கெல்லாம் அடைக்கிறார்கள். எதிரெதிராக இரண்டு ஜன்னல் வையுங்கள். கொசு வலை அடித்துத் திறந்து வையுங்கள். தரையில் வெடிப்பு விழுந்தால் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். அடுப்புப் புகையும் போகும், ரேடானும் போகும்.

மூன்றாவது, பீடி சிகரெட். ரேடானால் வரக்கூடியது நுரையீரல் புற்றுநோய். புகை பிடிக்கிறவருக்கு அந்த ஆபத்து, பிடிக்காதவரைப் போல 25 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். மணலைத் திட்டிக்கொண்டே பீடி பற்றவைப்பதில் அர்த்தம் இல்லை.

கிரானைட், சாம்பல் கல் போடலாமா?

பலரும் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறோம். கிரானைட்டில் மற்ற கல்லைவிடக் கதிர் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் கிச்சன் மேடையில் போடும் ஒரு பலகை வீட்டின் அளவைப் பெரிதாகக் கூட்டாது. பயப்பட வேண்டியதில்லை.

அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லை நம் குழுக்களே சில இடங்களில் செய்கிறார்கள். நிலக்கரி எரிந்து போனதும் அதிலிருந்த தாதுக்கள் சாம்பலில் தங்கி அடர்த்தியாகின்றன. ஆகவே கரியைவிடச் சாம்பலில் கதிர் அதிகம். ஆனால் அந்தத் துகள் உருகிக் கண்ணாடிபோல் உறைந்தது. ரேடான் அதைவிட்டு எளிதில் வெளியே வராது. பூச்சு பூசி, காற்றோட்டத்தோடு கட்டினால் போதும். கல் செய்கிற சகோதரிகள் மட்டும் முகத்தில் துணி கட்டாமல் வேலை செய்யாதீர்கள். அங்கே முதல் ஆபத்து கதிர் அல்ல, நெஞ்சுக்குள் போகும் தூசிதான்.

நோய் பற்றி ஒரு வார்த்தை

இதைச் சொல்லாமல் எங்களால் உட்கார முடியாது. நம் கூட்டமைப்பிலேயே ஒரு சகோதரி மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். "இது இந்த மண்ணோட விதி, டாக்டர்கிட்ட போயி என்ன ஆகப்போகுது" என்று இருந்துவிட்டார். சிகிச்சை இப்போதும் நடக்கிறது. ஒரு வருஷம் முன்னால் போயிருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

கேரளாவில் கருநாகப்பள்ளி பக்கம் நம்மைப் போலவே மோனசைட் கரை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் அங்கே 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருஷம் தொடர்ந்து கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. ஆனால் அதிகக் கதிர் உள்ள வீட்டுக்காரர்களுக்கு அதிகம், குறைந்த கதிர் உள்ளவர்களுக்குக் குறைவு என்று தெரியவில்லை. அதே கரையில் பிறந்த 36,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்த வேறொரு ஆய்வின் முடிவு 1999-ல் வெளியானது. பிறவிக் குறைபாடு அங்கே மற்ற இடத்தைவிட அதிகம் என்று தெரியவில்லை.

கதிரால் ஒன்றுமே ஆகாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. குறைக்க வழி இருக்கும்போது குறைத்துக்கொள்வதுதான் புத்தி. ஆனால் "கடற்கரைப் பொண்ணு வேண்டாம்" என்று சம்பந்தத்தைத் தட்டிவிடுகிறார்களே, அவர்களிடம் இந்தக் கணக்கைத் தைரியமாகச் சொல்லுங்கள். உடம்பில் கட்டி, ஆறாத புண், ரத்தப்போக்கு என்றால் மண்ணைக் காரணம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஊக்குநரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி வீட்டுக் கடன் கேட்பவர்களுக்கு

கடன் குழுவோடு பேசி இந்த மாதத்திலிருந்து ஐந்து கேள்விகளை விண்ணப்பத்தில் சேர்த்திருக்கிறோம்:

1. பூச்சுக்கும் தரை நிரப்பவும் மணல் எங்கிருந்து வருகிறது? கடல் மணல் கூடாது.
2. தரைக்குக் கான்கிரீட் தளம் போடுகிறீர்களா? மணலின் மேல் நேராக டைல்ஸ் ஒட்டக் கூடாது.
3. ஒவ்வொரு அறையிலும் காற்று வந்துபோக இரண்டு வழி உண்டா?
4. சமையலறையில் புகை போக வழி உண்டா?
5. வாசலில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் சிமெண்ட் போட அல்லது செம்மண் நிரப்பப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா?

இதற்குப் பெரிய செலவு ஆகாது. கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சுவர் எழும்பிய பிறகு ஜன்னல் கேட்டால் அவரும் கோபப்படுவார், நமக்கும் காசு போகும்.

அந்த அக்கா இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். காலையில் விண்ணப்பத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டார். ஐந்து கேள்விக்கும் பதில் எழுதியிருக்கிறார். மூன்றாவது கேள்விக்கு, "இரண்டு இல்லை, மூன்று ஜன்னல்" என்று எழுதியிருக்கிறார். கடன் குழு ஒப்புக்கொண்டுவிட்டது. வீடு குடிபுகும் அன்று நாம் எல்லோரும் போவோம்.